ஒரே துக்கத்த அஞ்சு மேசையில சொல்ல வைக்காதீங்க

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதங்கள்ல ஆறு கடிதம் ஒரே விஷயத்த சுத்தி இருந்துச்சு. காலேஜ்லயும் பல்கலைக்கழகத்துலயும் புள்ளைங்களுக்கு உதவறதுக்குன்னே இத்தன குழு இருந்தும் புள்ளைங்க ஏன் இப்படி அலையறாங்கன்னு. நான் 29 வருஷம் மாணவர் பிரிவு ஆபீஸ்ல மேசைக்குப் பின்னாடி உக்காந்து பார்த்தவ, அதனால மத்த கேள்விங்கள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு நெல்லிக்குப்பம். என் பொண்ணு புதுச்சேரில ஒரு பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி. படிக்கிறா, ஹாஸ்டல்ல இருக்கா. ஆறு மாசம் முன்னாடி அவங்க அப்பா தவறிட்டாரு. காரியம் முடிஞ்சு திரும்பப் போனவளுக்கு அட்டெண்டன்ஸ் குறைஞ்சு போச்சு, ஸ்காலர்ஷிப் வரல, அதனால மெஸ் பாக்கி நிக்குது, ராத்திரில தூக்கமும் இல்லைங்கறா. வார்டன்கிட்ட போனா வெல்ஃபேர் ஆபீஸ்னு சொன்னாங்களாம், அங்க போனா ஸ்காலர்ஷிப் செக்‌ஷன், அங்கேருந்து டிபார்ட்மென்ட் மென்டார், அவங்க கவுன்சிலிங் சென்டருக்கு அனுப்பியிருக்காங்க. ஒவ்வொரு இடத்துலயும் அப்பா செத்தத முதல்லேந்து சொல்லி அழுதுட்டு வந்திருக்கா. அஞ்சாவது இடத்துக்கு அப்புறம் 'இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா, விட்டுடு'ன்னுட்டா. நான் என்ன பண்ணட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, உங்க கடிதத்துல அந்தக் கடைசி வார்த்தையத்தான் நான் ரெண்டு தடவ படிச்சேன். அட்டெண்டன்ஸ், பணம் எல்லாம் சரி பண்ணிக்கலாம், புள்ள வாய மூடிக்கிட்டா அதுதான் ஆபத்து. இன்னிக்கே அவளோட பேசுங்க, புத்தி எதுவும் சொல்லாம அவ பேசறத மட்டும் கேளுங்க, முடிஞ்சா இந்த சனி ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லி உங்க பக்கத்துல படுக்க வைங்க. ராத்திரில தவிப்பா இருந்தா 14416-னு டெலி மானஸ், அதாவது போன்ல மனநல உதவி குடுக்கற நம்பர் இருக்கு, 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அந்த நம்பர நீங்களும் போன்ல பதிஞ்சு வச்சுக்குங்க.

அடுத்தது காகித வேலை. அஞ்சு இடத்துக்கும் அஞ்சு மனு எழுத வேணாம், ஒரே லெட்டர் போதும். மாணவர் நல டீனுக்கு எழுதி, துறைத்தலைவருக்கும் வார்டனுக்கும் காப்பி போட்டு, அதுல அப்பா தவறின தேதி, எந்த நாளெல்லாம் வர முடியல, ஸ்காலர்ஷிப் எது, மெஸ் பாக்கி எவ்ளோ, இது நாலும் இருக்கணும். கடைசில 'ஸ்காலர்ஷிப் வர்ற வரைக்கும் மெஸ் பாக்கிக்கு அவகாசமும், அட்டெண்டன்ஸ்க்கு கண்டோனேஷனும் (குறைஞ்ச வருகைய மன்னிச்சு விடறது) வேணும்'னு கேக்கறத பளிச்சுனு கேட்டுடணும். இறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு பின் பண்ணி, ஆபீஸ்ல குடுக்கும்போது இன்வார்டு நம்பர், அதாவது வந்த கடிதத்துக்கு அவங்க போடற பதிவு நம்பர் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. அந்த நம்பர் கையில இருந்தா அடுத்த தடவ போறப்ப கதைய மறுபடி சொல்ல வேண்டாம், நம்பர சொன்னா போதும்.

ஸ்காலர்ஷிப் மத்திய அரசோட நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் வழியா போட்டதுன்னா அவளே லாகின் பண்ணி எங்க நிக்குதுன்னு பார்க்கலாம். நிறைய புள்ளைங்களுக்கு ரெண்டு இடத்துலதான் மாட்டிக்கும், ஒண்ணு நிறுவனத்தோட சரிபார்ப்பு முடியாம கிடக்கும், இல்லன்னா ஆதார் பேங்க் கணக்கோட சேர்ந்திருக்காது. ரெண்டாவதா இருந்தா பேங்குக்கு ஒரு தடவ போனா முடிஞ்சிடும், அதுக்காக யார்கிட்டயும் அழ வேண்டியதில்ல.

லெட்டர் குடுத்தும் அசையலன்னா மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகலாம். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல கொண்டு வந்த விதிப்படி ஸ்காலர்ஷிப் தாமதமும் குறைன்னு ஒத்துக்கிட்ட விஷயம்தான். புகார் வந்து 15 வேலை நாளுக்குள்ள குழு அறிக்கை குடுக்கணும்னு விதி இருக்கு, அந்த முடிவு சரியில்லன்னா 15 நாளுக்குள்ள ஓம்பட்ஸ்பெர்சன், அதாவது மாணவர் குறைகேட்பு அதிகாரிகிட்ட மேல்முறையீடு பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணச் சொல்லுங்க, அந்த அஞ்சு பேர்ல யாரோ ஒருத்தராவது மனசு விட்டுக் கேட்டிருப்பாங்க இல்ல, அவங்ககிட்ட போய் 'மேடம், இது முடியற வரைக்கும் நீங்க கையில வச்சுப்பீங்களா'ன்னு கேக்கட்டும். அப்படிக் கேட்டா பெரும்பாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, நான் என் காலத்துல பார்த்திருக்கேன்.

கேள்வி: மேடம், நான் ஒரு பல்கலைக்கழகத்துல உதவிப் பேராசிரியர், மாணவர் நலப் பொறுப்பும் எங்கிட்டதான். எங்ககிட்ட இப்ப 11 குழு இருக்கு. ராகிங் தடுப்பு, பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு, குறைதீர்ப்பு, எஸ்.சி., எஸ்.டி. செல், சம வாய்ப்பு மையம், கவுன்சிலிங், மென்டார் திட்டம், ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் நலக்குழு, வெளிமாநில மாணவர் உதவி, மாணவியர் நலம். ஒரே ஆளு நாலு குழுவுல மெம்பர், ஒரே புள்ளையோட பிரச்சனை மூணு குழுவோட மினிட்ஸ்ல வருது, யாரும் முடிச்சு வைக்கல. மேலிடத்துலேந்து இதெல்லாம் சுருக்கி நாலாக்கி ரெண்டு மாசத்துல திட்டம் குடுன்னு சொல்லிட்டாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கறது? (லாஸ்பேட்டை)

பதில்: சார், முதல்ல 11 எப்படி 11 ஆச்சுன்னு பாருங்க, அப்பதான் எது மேல கை வைக்கலாம், எது மேல வைக்கக் கூடாதுன்னு புரியும். இதுல சில குழுவுக்குப் பின்னாடி ஒரு புள்ளையோட உயிர் இருக்கு. 1996 நவம்பர்ல அண்ணாமலை நகர்ல நாவரசுன்னு முதலாமாண்டு மருத்துவ மாணவர் ராகிங்ல கொலையானாரு, நம்ம கடலூர் மாவட்டமே நடுங்கிப் போன நாள் அது, அதுக்கப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டமே வந்துச்சு. 2009-ல இமாச்சலத்துல இன்னொரு மருத்துவ மாணவர் அமன் கச்ரு செத்தாரு, அதே வருஷம் யூஜிசியோட ராகிங் தடுப்பு விதிகள் வந்துச்சு. வேலை இடத்துல பாலியல் தொல்லை பத்தி சுப்ரீம் கோர்ட் சொன்ன 1997 விசாகா தீர்ப்புலேந்து 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், அதுலேந்து பல்கலைக்கழகங்களுக்கு 2015 விதிகள், அப்படித்தான் உள்ளகக் குழு வந்துச்சு. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் 100 மாணவரோ அதுக்கு மேலயோ இருக்கற எல்லா கல்வி நிறுவனத்துலயும் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரோ சைக்காலஜிஸ்டோ சமூகப் பணியாளரோ கண்டிப்பா இருக்கணும்னு சொல்லிடுச்சு. இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு சர்க்குலர் வரும், நாம ஒரு செல் ஆரம்பிச்சு ஒரு கன்வீனர் போட்டு ஒரு போர்டு மாட்டிடுவோம், பழசோட எப்படி சேர்த்து ஓட்டறதுன்னு யாரும் உக்காந்து பேசினதில்ல. காலேஜ் தரத்த மதிப்பிடற நாக் கமிட்டி வேற, அவங்க அளவுகோல்ல அஞ்சாவதே மாணவர் உதவியும் முன்னேற்றமும்தான், அதுக்கு ஃபைல் வேணும் போட்டோ வேணும்னு இன்னும் ரெண்டு செல் முளைச்சிடும்.

அதனால சட்டத்துலேந்து வந்தத சுருக்கறேன்னு கிளம்பாதீங்க, மாட்டிப்பீங்க. ராகிங் தடுப்புக் குழுல போலீஸ், சிவில் நிர்வாகம், பெற்றோர், முதல் வருஷப் புள்ளைங்க எல்லாம் இருக்கணும், குற்றம்னு தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள எஃப்.ஐ.ஆர். போக ஏற்பாடு பண்ணணும். உள்ளகக் குழுவுக்கு சீனியர் பெண் பேராசிரியர் தலைமை, வெளியாள் ஒருத்தர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா மூணு மாணவப் பிரதிநிதிங்க, 90 நாள்ல விசாரணை முடியணும். முக்கியமா அதுல துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் மாதிரி பதவில இருக்கறவங்க உறுப்பினரா இருக்கவே கூடாது. உங்க நாலுல ஒண்ணா 'மாணவர் நலம்'னு போட்டு டீன தலைவராக்கி உள்ளகக் குழுவையும் அதுக்குள்ள திணிச்சீங்கன்னா அன்னிக்கே விதி மீறினதா ஆகிடும், அப்புறம் விசாரிச்ச ஒரு கேஸும் கோர்ட்டுல நிக்காது.

மீதி இருக்கு பாருங்க, மென்டார், ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் நலம், வெளிமாநில உதவி, மாணவியர் நலம், இதெல்லாம் நாமளா ஆரம்பிச்சது, இதுல தாராளமா கை வைக்கலாம். மென்டார் விஷயத்துல ஒண்ணு பார்த்தீங்களா, ராகிங் விதிலயே ஆறு புதுப் புள்ளைக்கு ஒரு மென்டார்னு மென்டாரிங் செல் இருக்கு. அத விட்டுட்டு டிபார்ட்மென்ட் தனியா ஒரு மென்டார் லிஸ்ட் போட்டிருப்பாங்க, ஹாஸ்டல் தனியா ஒண்ணு. மூணு லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரே புள்ளைக்கு மூணு மென்டார் இருப்பாங்க, அந்தப் புள்ளைக்கு ஒருத்தர் பேர் கூடத் தெரியாது. விதில வந்த செல்ல அப்படியே வச்சுக்கிட்டு, நாமளா போட்ட மத்த ரெண்டு லிஸ்ட்டையும் ஒண்ணாக்கி அதோட இணைச்சு ஓட்டுங்க.

இப்ப நான் பார்த்த ஒண்ணு சொல்றேன். 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் கரை கடந்துச்சு, நான் அப்ப கடலூர்ல ஒரு கல்லூரில வேலை. மரமெல்லாம் சாஞ்சு, கரண்ட் எப்ப வரும்னே தெரியாம கிடந்தோம். லீவு முடிஞ்சு புள்ளைங்க வந்தாங்க, வீட்டுக் கூரை போனவன், மார்க் ஷீட் நனைஞ்சு கூழா போனவ, பலாத்தோப்பும் முந்திரியும் மொத்தமா விழுந்துட்டதால ஃபீஸ் கட்ட முடியாதுன்னு பண்ருட்டி பக்கத்துலேந்து வந்த அப்பாங்க. ஆபீஸ் உள்ள இருட்டு, உக்கார முடியல. அதனால வெளிய தப்பிச்சு நின்ன ஒரு வேப்பமரத்தடில ரெண்டு மேசைய ஒண்ணா போட்டு ஃபீஸ், ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், சர்டிபிகேட் எல்லா செக்‌ஷன் ஆளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். ஒரு புள்ள வந்து சொல்ல ஆரம்பிச்சா நாலு பேரும் கேட்டுக்கிட்டே இருப்போம், அவ முடிக்கறதுக்குள்ள சர்டிபிகேட் க்ளார்க் ஃபாரம் எழுத ஆரம்பிச்சிடுவாரு, ஃபீஸ் அம்மா தவணை தேதி குறிச்சிடுவாங்க. மாசக்கணக்குல இழுக்கற வேலையெல்லாம் பத்து நாள்ல முடிஞ்சுது. கரண்ட் வந்துச்சு, எல்லாரும் அவங்கவங்க ரூமுக்குப் போனோம், அடுத்த வாரமே ஒரு பையன் கையில ஃபைல வச்சுக்கிட்டு மாடிக்கும் கீழயும் ஓடறத பார்த்தேன். அந்த மேசைய ஏன் எடுத்தோம்னு எனக்கு இன்னும் மனசு ஆறல.

உங்களுக்கு வேண்டியது அந்த மேசைதான். 11 குழுவோட பேர் ஃபைல்ல அப்படியே இருந்துட்டுப் போகட்டும், புள்ளைங்க வர்ற வாசல ஒண்ணாக்குங்க. ஒரு ரூம், ஒரு போன் நம்பர், ஒரு ரிஜிஸ்டர். யார் எதுக்கு வந்தாலும் அங்கதான் வருவாங்க, எந்த செல்லுக்குப் போகணும்னு கண்டுபிடிக்கற வேலை புள்ளையோடது இல்ல, நம்மளோடது.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை. மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வாங்கறாங்க இல்ல, அதுவும் ஒரே வாசல்தான், நம்பரும் போட்டுத் தராங்க, ஆனா அங்கேருந்து மனு துறைக்குப் போன பிறகு அத யார் பின்னாடியே போய் பார்க்கறாங்கங்கறதுல தானே எல்லாம் இருக்கு. வாசல் மட்டும் ஒண்ணாக்கி, பின்னாடி பழையபடி ஆட்டத் தூக்கி மாட்டுல போட்டு மாட்டத் தூக்கி ஆட்டுல போட்டா, புள்ளைக்கு இன்னொரு மேசை கூடினதா ஆகும், பன்னெண்டாவது குழு. அதனால முதல்ல யார் அந்தப் புள்ளைகிட்ட பேசறாங்களோ அவங்க பேர் ரிஜிஸ்டர்ல ஏறணும், அந்தக் காரியம் முடியற வரைக்கும் அவங்கதான் அதுக்குப் பொறுப்பு. ஸ்காலர்ஷிப் செக்‌ஷனுக்கு அனுப்பணும்னா அவங்களே போன் போட்டு சொல்லிட்டு, முடிஞ்சா கையோட கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரணும். அங்க என்ன ஆச்சுன்னு புள்ளைகிட்ட கேக்காம செக்‌ஷன்கிட்ட கேக்கணும்.

திட்டம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க சார், ரெண்டு மாசத்துல முதல் ரெண்டு வாரம் இதுக்கே போகட்டும். போன வருஷத்துல ஒரு 20 புள்ளைங்களோட கேஸ எடுங்க, நல்லா முடிஞ்சது பாதி, முடியாதது பாதி. ஒவ்வொண்ணுலயும் அந்தப் புள்ள எத்தன பேர்கிட்ட முதல்லேந்து சொன்னா, எத்தன கையெழுத்து, முதல் நாளுக்கும் முடிஞ்ச நாளுக்கும் நடுவுல எத்தன நாள், எந்த மேசையில ஃபைல் தூங்குச்சு, இத ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல வரைஞ்சு கமிட்டி ரூம் சுவத்துல ஒட்டுங்க. முடிஞ்சா அந்தப் புள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேர கூப்பிட்டு அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க, பேர் வெளிய வராத மாதிரி. எத ஒண்ணாக்கணும்னு நீங்க வாதாடவே வேண்டாம், பார்த்தவங்களே சொல்லிடுவாங்க. பெரும்பாலும் குழு அதிகமா இருந்ததால நிக்காது, ஒரு கையெழுத்துக்காரர் லீவுல இருந்ததாலயும் அவருக்குப் பதிலா கையெழுத்து போட வேற ஆள் இல்லாததாலயும் நின்னிருக்கும்.

நேரத்தையும் பாருங்க. வகுப்பு நடக்கற நேரத்துலதான் உதவி ஆபீஸும் திறந்திருக்கு, மதியம் புள்ள ஓடி வர்ற நேரத்துல லஞ்ச்னு பூட்டியிருக்கு, அப்புறம் யாரும் வர்றதில்லைன்னு நாம ரிப்போர்ட் எழுதறோம். வாரத்துல ரெண்டு நாளாவது சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இருக்கணும், ஆளுங்க முறை போட்டு வந்தா போதும். மொழியும் இருக்கு, உங்க புதுச்சேரி யூனியன் பிரதேசத்துலயே மாஹேகாரப் புள்ள மலையாளம், ஏனாம் புள்ள தெலுங்கு, இது போக வடக்கேருந்து வர்றவங்க. அழுகை வர்றப்ப யாருக்கும் இங்கிலீஷ் வராது. சீனியர் புள்ளைங்கள்ல மொழி தெரிஞ்ச நாலு பேருக்கு ஒரு சின்னத் தொகை குடுத்து உக்கார வைங்க, ஆனா அவங்க வழி காட்டறதோட நிக்கணும், அந்தரங்கமான பேச்சுக்கு மொழிபெயர்க்க புள்ளைங்கள வைக்கக் கூடாது.

வாரத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரம், எல்லா பொறுப்பாளரும் நின்னுக்கிட்டே கூட பேசலாம், டீ பிஸ்கட் வேணாம். முடியாத கேஸ் மட்டும், நம்பர் சொல்லி, யார்கிட்ட நிக்குது, என்ன வேணும், அவ்ளோதான். மேலிடத்துக்கு அறிக்கை குடுக்கறப்ப எத்தன நிகழ்ச்சி நடத்தினோம்னு எழுதறத நிறுத்திட்டு, வந்த புள்ளைக்கு முதல் பதில் எத்தன நாள்ல போச்சு, எத்தன கேஸ் 15 வேலை நாளத் தாண்டிச்சுன்னு எழுதுங்க. நாக் ஃபைலுக்கும் இது போட்டோவ விட நல்ல ஆதாரம்தான்.

ஆள குறைக்கப் போறோம்னு மட்டும் இதுல ஒரு வார்த்தை வரக் கூடாது. ஒரே ஆளு நாலு குழுன்னு எழுதியிருக்கீங்க, அவருக்கு இது எல்லாமே பாடம் எடுக்கற வேலைக்கு மேல கூடுதல் சுமை. அந்த நாலுல மூணுலேந்து விடுவிச்சு, ஒண்ணுக்கு வாரத்துல இத்தன மணி நேரம்னு வேலைக் கணக்குல சேர்த்துக் குடுங்க. அது கிடைக்காம எவ்ளோ அழகா படம் வரைஞ்சாலும் ஆறு மாசத்துல பழையபடி ஆகிடும்.

கேள்வி: நான் ஒரு கல்லூரில ஒப்பந்த அடிப்படைல கவுன்சிலரா இருக்கேன். எல்லா உதவிக் குழுவையும் ஒண்ணாக்கறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா ஒரு பொது சாஃப்ட்வேர் வாங்கி, புள்ளைங்க எங்கிட்ட பேசினத எல்லாம் அதுல ஏத்தணும், அப்பதான் வார்டனும் துறைத்தலைவரும் பார்த்து உதவ முடியும்னு சொல்றாங்க. மறுத்தா ஒத்துழைக்கலன்னு பேர் வருது. (கடலூர் ஓ.டி.)

பதில்: மறுங்கம்மா. தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க, வாசல் ஒண்ணா இருக்கலாம், உங்க அலமாரி சாவி உங்ககிட்டதான். 2017 மனநல பராமரிப்புச் சட்டம் சிகிச்சைல இருக்கறவங்க தகவல ரகசியமா வைக்கறத உரிமைன்னே சொல்லுது. பாலியல் புகார்ல 2013 சட்டத்தோட 16-வது பிரிவு புகார்ல என்ன இருக்கு, யார் குடுத்தாங்கங்கறதயே வெளியிடக் கூடாதுன்னு தடுக்குது. ஒரு புள்ள உங்ககிட்ட சொன்னது துறைத்தலைவர் கம்ப்யூட்டர்ல தெரியுதுன்னு ஹாஸ்டல்ல ஒரே ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும், அடுத்த நாளேந்து உங்க ரூமுக்கு யாரும் வர மாட்டாங்க.

வெறும் மறுப்பா சொல்லாம மாத்து வழி ஒண்ணு எழுதிக் குடுங்க. பொது ரிஜிஸ்டர்ல பேர், நம்பர், வந்த தேதி, பொறுப்பாளர் யாருங்கறது மட்டும் இருக்கட்டும், எதுக்கு வந்தாங்கன்னு இருக்க வேணாம். வெளிய ஏதாவது உதவி தேவைன்னா, உதாரணத்துக்கு பரீட்சைக்கு அவகாசம் வேணும்னா, 'இந்த மாணவிக்கு அவகாசம் குடுக்கப் பரிந்துரைக்கிறேன்'னு ஒத்த வரி, அதுவும் அந்தப் புள்ள சம்மதிச்சு கையெழுத்து போட்ட பிறகு. என்ன சொல்லப் போறோம், யார்கிட்ட சொல்லப் போறோம்னு அவளுக்கு முன்னாடியே படிச்சுக் காட்டுங்க.

உயிருக்கு ஆபத்துன்னு உங்களுக்குத் தோணினா மட்டும் வேற கணக்கு, அப்ப ரகசியத்த விட உயிர் பெருசு. ஆனா அப்ப யார கூப்பிடறது, ராத்திரில யாரு, எந்த ஆஸ்பத்திரி, வண்டி யாரோடதுங்கறத இப்பவே எழுதி வச்சுக்குங்க, அந்த நேரத்துல யோசிக்க முடியாது. உங்க முதல்வருக்கு இன்னொண்ணும் எடுத்துச் சொல்லுங்க, தற்கொலைக்கு முயற்சி பண்ணினவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், வழக்கு போட்டு தண்டிக்கக் கூடாதுன்னு அந்த மனநல பராமரிப்புச் சட்டத்தோட 115-வது பிரிவுல இருக்கு. போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து மூடி மறைக்கறதும், அந்தப் புள்ளைய ஹாஸ்டல்லேந்து ராவோட ராவா வீட்டுக்கு அனுப்பறதும் சில இடத்துல நடக்குது, என் மனசு ரொம்ப நொந்து போற விஷயம் அது.

கேள்வி: 14 வருஷமா ஒரு கல்லூரில மாணவியர் நல செல்ல நடத்திட்டு வரேன். கையில காசு போட்டுக் கூட செஞ்சிருக்கேன். இப்ப அத பொது உதவி மையத்தோட சேர்க்கறாங்க, கன்வீனர் பதவியும் போயிடும். நல்லதுக்குத்தான்னு தெரியுது, ஆனா தூக்கம் வரல. (முத்தியால்பேட்டை)

பதில்: தூக்கம் வராதது நியாயம்தாங்க. 14 வருஷம் ஒரு செடிக்கு தண்ணி ஊத்தினவங்ககிட்ட வந்து பாத்திய மாத்தி நடறோம்னா வலிக்கத்தான் செய்யும். ஆனா உங்க செல்லுல இருந்தது போர்டா, நீங்களா? மாதவிடாய் வலியால பரீட்சை ஹால்லேந்து வெளிய வந்த பொண்ணு யார்கிட்ட வந்தா, கல்யாணம் பேசி படிப்ப நிறுத்தப் பார்த்த வீட்டுல போய் யார் பேசினாங்க, அதெல்லாம் நீங்கதானே. அத அந்தப் பொது மேசைக்குக் கொண்டு போங்க. சேர்க்கறதுக்கு முன்னாடி நிர்வாகத்துகிட்ட ரெண்டு கேளுங்க. மேசையில எந்நேரமும் ஒரு பெண் பணியாளர் இருக்கணும், நீங்க சேர்த்து வச்ச சின்ன அவசர நிதி வேற கணக்குல கரையாம அதே காரியத்துக்கு இருக்கணும். ரெண்டும் எழுத்துல வாங்குங்க. புதுசா வர்றவங்களுக்கு முதல் மாசம் பக்கத்துல உக்காந்து கத்துக் குடுங்க, உங்களுக்குத் தெரிஞ்சது எந்த ஃபைல்லயும் இல்ல.

கேள்வி: நான் பாகூர், பி.காம். இரண்டாம் வருஷம், க்ளாஸ் ரெப். எனக்கு காலேஜ் சம்பந்தமா ஒன்பது வாட்ஸப் குரூப், ஒரே நோட்டீஸ் ஏழு தடவ வருது, ஸ்காலர்ஷிப் கடைசி தேதி மட்டும் ஏழு குரூப்லயும் கீழ போய் யாரும் பார்க்கல. நாங்க என்ன பண்ணலாம் அக்கா?

பதில்: தம்பி, உங்க க்ளாஸ்ல ஒரு பத்து பேர்கிட்ட ஒரு கேள்வி கேளு: 'ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா காலேஜ்ல யாருக்கு போன் பண்ணுவ?' வர்ற பதில அப்படியே எழுதி முதல்வர்கிட்ட குடு, நிறைய பேர் 'தெரியாது'ன்னுதான் எழுதியிருப்பாங்க, அத விட பெரிய மனு வேண்டாம். அதோட, கடைசி தேதி, பரீட்சை, அவசரம் மூணுக்கு மட்டும் ஒரு குரூப், ஆபீஸ் மட்டும் பதிவு போடற மாதிரி வைக்கச் சொல்லிக் கேளு. குறைதீர்ப்புக் குழுல ஒரு மாணவப் பிரதிநிதிய சிறப்பு அழைப்பாளரா வைக்கணும்னு 2023 விதில இருக்கு, உங்க காலேஜ்ல அது யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோ. ராகிங்னா யூஜிசியோட 1800-180-5522, இத மட்டும் க்ளாஸ் போர்டு ஓரத்துல எழுதி வை, அழிச்சா திரும்ப எழுது.

கேள்வி: உங்களோட முந்தின பத்திய படிச்சுட்டு எங்க நிர்வாகம் பொது உதவி மையத்துக்கு இடம் பார்க்குது. அட்மின் பில்டிங் ரெண்டாவது மாடில ஏசி ரூம் தரேங்கறாங்க. எடுத்துக்கலாமா? (மேலாளர், கடலூர்)

பதில்: வேணாம். ரெண்டாவது மாடிக்கு சக்கர நாற்காலில ஒரு புள்ள எப்படி வரும்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அரசு, அரசு உதவி பெறற உயர்கல்வி நிறுவனங்கள்ல குறைஞ்சது 5 சதவீத இடம் குடுத்திருக்காங்க, அந்தப் புள்ளைங்க உதவி மையத்துக்கே வர முடியலன்னா எப்படி. அதுவும் போக, பதிவாளர் ரூம தாண்டி ஒரு ஆபீஸுக்கு வர்றதுக்கு நல்லா இருக்கற புள்ளையே தயங்கும். தரைத்தளத்துல, லைப்ரரி பக்கமோ கேன்டீன் பக்கமோ, புள்ளைங்க வேற வேலையா போற மாதிரியே உள்ள நுழையற இடமா பாருங்க. முன்னாடி மேசை, ரெண்டு பெஞ்சு, குடிதண்ணி, ஃபேன் போதும். பின்னாடி ஒரு சின்ன ரூம் கண்டிப்பா வேணும், பேச்சு வெளிய கேக்காத மாதிரி. அதுக்கு மரக்கதவா போடச் சொல்லுங்க, கண்ணாடிக் கதவு வேணாம், உள்ள யார் அழுதுக்கிட்டு இருக்காங்கன்னு வராண்டால போறவங்களுக்குத் தெரியக் கூடாது.